தோளிலிருந்து தொடங்கு

ஈரோடு

அன்பு மருமகளுக்கு,

கவுன் துணியை இன்னும் வெட்டவில்லை என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்ததும்தான் நிம்மதி. கத்தரிக்கோல் இன்னும் ஒரு வாரம் அலமாரியிலேயே இருக்கட்டும். கட்டம் போட்ட கைத்தறிப் பருத்தி வாங்கிவிட்டாய். காசு கொடுத்து இறக்கிய பேட்டர்னை ஏ4 தாள்களில் அச்செடுத்து ஒட்டிவிட்டாய். மெஷினுக்கு எண்ணெயும் விட்டாயிற்று. ஆனால் அந்தப் பேட்டர்னுக்கு உன் உடம்பு இன்னும் அறிமுகமாகவில்லை. அந்த அறிமுகத்தைச் செய்துவைக்கத்தான் இந்தக் கடிதம்.

"என் மார்புச் சுற்றளவு 38 அங்குலம். அட்டவணையில் 38-க்கு நேரே உள்ள சைஸை வெட்டித் தைத்துவிட்டு, எங்கே லூசாக இருக்கிறதோ அங்கே பக்கத் தையலில் பிடித்துக்கொள்ளலாமா அத்தை?" என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம் கண்ணு. கவுன் தோளில்தான் தொங்குகிறது. தோளில் பொருந்தாத கவுனைப் பக்கத்தில் எவ்வளவு பிடித்தாலும் சரிவராது. பக்கத்தில் சதைக்காகக் கூட்டலாம், குறைக்கலாம். தோள், கழுத்து, அக்குள் மூன்றும் எலும்பு நிற்கும் இடங்கள். அங்கே தவறினால் பிறகு திருத்த வழி கிடையாது. எனவே சைஸை எலும்புக்குப் பார்த்து எடு, சதைக்கு வேண்டிய இடத்தைக் காகிதத்தில் கூட்டிக்கொள். நான் சொல்லப்போவதெல்லாம் இந்த ஒன்றுதான். மற்றவை அதற்கான செய்முறை.

முதலில் பேட்டர்ன் என்பது யாருடைய உடம்பு என்று தெரிந்துகொள். நம் ஊர் டெய்லர் காகிதம் தொடுவதில்லை. உன் அம்மா கொண்டுபோய்க் கொடுக்கும் அளவு ஜாக்கெட்டை விரித்துப் போட்டு, துணிமேலேயே சாக்பீஸால் வரைந்து வெட்டிவிடுவார். காகிதப் பேட்டர்ன் வேறு வழியில் வந்தது. 1863-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் எபினேசர் பட்டரிக் என்ற தையற்காரர், ஒரே உடையைப் பல அளவுகளில் காகிதத்தில் வெட்டி விற்க ஆரம்பித்தார். அதற்கு முன்பு விற்றவை பெரும்பாலும் ஒரே அளவில் வரும். பெரிதாக்குவதும் சிறிதாக்குவதும் வாங்கியவர் பாடு. பட்டரிக் அந்தப் பாட்டைக் குறைத்தார். ஆனால் பல அளவு வேண்டுமென்றால் நடுவில் ஒரு மாதிரி உடம்பை வைத்துக்கொண்டுதானே கூட்டிக் குறைக்க முடியும்? இன்றும் அமெரிக்கக் கம்பெனிகளின் வழக்கமான பெண்கள் சைஸ், 5 அடி 5 அல்லது 6 அங்குல உயரம் உள்ள, மேல் மார்புக்கும் மார்புக்கும் 2 அங்குலமே வித்தியாசம் உள்ள ஒருத்திக்காக வரையப்படுகிறது. நீ 5 அடி 1. உனக்கு அந்த வித்தியாசம் 4 அங்குலம். அவள் அளவு உனக்குச் சேராததில் உன் தப்பும் இல்லை, அவள் தப்பும் இல்லை.

அளவு எடுப்பதை யாரையாவது கூட வைத்துக்கொண்டு செய். மேல் மார்பு என்பது டேப்பை அக்குளுக்கு நெருக்கி, மார்புக்கு மேலே, முதுகைச் சுற்றி எடுப்பது. அதற்குப் பிறகு மார்பின் முழுச் சுற்றளவு. இடுப்பு எங்கே என்று சந்தேகம் வந்தால் ஒரு நாடாவை லேசாகக் கட்டிக்கொண்டு இரண்டு பக்கமும் சாய்ந்து பார். நாடா போய் நிற்கும் இடமே இடுப்பு. அதை அவிழ்க்காமல், பின்கழுத்தில் துருத்தும் எலும்பிலிருந்து நாடா வரை எவ்வளவு என்று பார். முன்பக்கம், தோள்பட்டை கழுத்தோடு சேரும் இடத்திலிருந்து மார்பின் உச்சியான டாட் பாயின்ட் வரை ஓர் அளவு. கடைசியில் சீட், அதாவது பின்பக்கத்தின் அகலமான இடத்தைச் சுற்றி. ஒவ்வொன்றையும் எழுதி வை. ஞாபகத்தை நம்பாதே.

உன் மேல் மார்பு 34. பேட்டர்ன் அட்டவணையில் 36 அங்குல மார்பு உள்ள சைஸ்தான் அந்த 34-க்கு உரியது. அதை எடு. தோள் சரியாக உட்காரும், கழுத்து அகலாது, அக்குள் தொங்காது. மார்பில் மட்டும் 2 அங்குலம் குறையும். அதை எப்படிக் கூட்டுவது என்று பின்னால் சொல்கிறேன். 38-ஐயே வெட்டியிருந்தால் மார்பு பொருந்தியிருக்கும், ஆனால் தோள் கைப்பக்கம் சரிந்து கழுத்து வாய் பிளந்திருக்கும். கடையில் வாங்கும் ரெடிமேட் குர்தி உனக்கு எப்போதும் தோளில் வழிவதற்குக் காரணமும் இதுவே.

காகிதத்தைச் சோதித்துவிடு. பேட்டர்னின் முதல் தாளில் ஒரு சோதனைச் சதுரம் இருக்கும். அதன் பக்கம் எவ்வளவு என்று போட்டிருக்கிறதோ, ஸ்கேல் வைத்தால் அதே அளவு வர வேண்டும். பிரிண்டரில் 100 சதவீதம் என்று வைக்காமல் "தாளுக்கு ஏற்ப" என்று விட்டால் அது 96 சதவீதத்துக்குச் சுருக்கிவிடக்கூடும். 38 அங்குலம் 36½ ஆகும்; நீ உன் உடம்பைத் திட்டிக்கொண்டிருப்பாய். அடுத்து, தையலுக்கு விட்ட துணி எவ்வளவு என்று படி. அமெரிக்க பேட்டர்ன்களில் வழக்கமாக 5/8 அங்குலம் சேர்த்தே இருக்கும். ஜெர்மனியின் பூர்தா இதழில் வருபவற்றில் சேர்த்திருக்காது, நாமே விட வேண்டும். இதைப் பார்க்காமல் வெட்டியதால் வீணான துணி கொஞ்சநஞ்சமல்ல.

இப்போது இடைவெளி. திருப்பூர் பனியன் துணி கண்ணி கண்ணியாகக் கோத்தது, இழுத்தால் விரியும். உடம்பைவிடச் சின்னதாக வெட்டினாலும் போட்டுக்கொள்ளலாம். உன் கைத்தறி பாவும் ஊடையுமாக நெய்தது, நீளத்திலும் அகலத்திலும் கொடுக்காது. நீ மூச்சு விடவும் உட்காரவும் சாப்பிடவும் வேண்டிய இடத்தை முன்கூட்டியே வெட்டில் விட்டாக வேண்டும். மார்பில் 2 முதல் 3 அங்குலம், இடுப்பில் 1 முதல் 1½, சீட்டில் 2 முதல் 3 என்பது சாதாரணக் கணக்கு. உனக்குப் பிடித்த, இழுபடாத துணியில் தைத்த குர்தி ஒன்றை விரித்துப் போட்டு அளந்து பார்; உனக்கு எவ்வளவு தளர்ச்சி பிடிக்கும் என்பது அதில் தெரியும். அம்மாவின் அளவு ஜாக்கெட்டும் இந்த வேலையைத்தான் செய்கிறது. பிறகு பேட்டர்ன் துண்டுகளை, தையல் மார்ஜினும் டாட்டும் கழித்து அளந்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்.

துணியை நனைத்துக் காயப்போட்டாயா? கைத்தறிப் பருத்தி முதல் சலவையில் மீட்டருக்கு 3 முதல் 5 சென்டிமீட்டர் சுருங்குவது சாதாரணம். 42 அங்குல உயரக் கவுனில் அது ஒன்றேகால் அங்குலத்துக்குக் குறையாது. பிற்பாடு எப்படித் துவைப்பாயோ அப்படியே இப்போதும் துவைத்து, லேசான ஈரத்தில் இஸ்திரி போடு. இழுத்துத் தேய்க்காமல் கட்டங்கள் நேராக நிற்கும்படி ஒற்றித் தேய்.

இவ்வளவும் ஆன பிறகும் நல்ல துணியைத் தொடாதே. காடாத் துணியில் ஒன்று தைத்துப் பார். பல்லடம், சோமனூர் பக்கம் விசைத்தறியில் ஓடும் அதே வெளுக்காத காடா. உனக்கென்று மூன்று மீட்டர் பார்சல் போட்டிருக்கிறேன். மேலுடம்பை மட்டும் வெட்டு. பாவாடைப் பகுதி இடுப்புக்குக் கீழே ஒரு சாண் இருந்தால் போதும். வெட்டியதும் ஒவ்வொரு துண்டிலும் பென்சிலால் கோடு போடு: முன் நடுவில் மேலிருந்து கீழாக ஒன்று, மார்புக்கு நேரே குறுக்காக ஒன்று, இடுப்பில் ஒன்று, சீட்டில் ஒன்று. மெஷினில் தையல் நீளத்தை 4-ல் வைத்து ஓட்டு, பிரிக்கச் சுலபம்.

போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றதும் எங்கே இறுக்கம், எங்கே தளர்ச்சி என்று யோசிக்காதே. கோட்டைப் பார். மார்புக் கோடு தரைக்கு இணையாக ஓட வேண்டும். உனக்கு அது நடுவில் தூக்கிக்கொண்டு பக்கத்தில் இறங்கும். இடுப்புத் தையலும் முன்னால் மேலே ஏறும். மார்பின்மேல் ஏறி இறங்கத் துணிக்கு நீளம் போதவில்லை, அகலமும் போதவில்லை என்பதற்கு அதுவே அடையாளம். சுருக்கத்துக்கும் பாஷை உண்டு. இழுத்துப் பிடித்தாற்போல் கோடாகத் தெரியும் சுருக்கம், எந்த இடத்தைக் காட்டுகிறதோ அங்கே துணி போதவில்லை. தொங்கலாக மடியும் சுருக்கம் அங்கே துணி மிச்சம் என்று சொல்கிறது. டாட் பாயின்ட்டிலிருந்து பக்கத் தையலை நோக்கிச் சாய்வாகக் கோடு விழுந்தால் பெரும்பாலும் மார்புக்கு இடம் போதாத கேஸ்தான். அங்கே பக்கத்தைப் பிரித்து விட்டால் இடுப்பு தளரும், கோடு போகாது.

கூட்டும் முறை இது. பேட்டர்னின் முன்துண்டை இன்னொரு காகிதத்தில் நகல் எடு. இடுப்பிலிருந்து டாட் பாயின்ட் வரை நேராக ஒரு கோடு. அங்கிருந்து அக்குள் வளைவின் கீழ்ப்பகுதியை நோக்கிச் சாய்வாக அதன் தொடர்ச்சி. பக்க டாட்டின் நடுவே டாட் பாயின்ட் வரை இன்னொரு கோடு. முதல் கோட்டைக் கீழிருந்து வெட்டிக்கொண்டு போ. அக்குள் தையல் கோட்டில் ஒரு நூல் அளவு ஒட்டியிருக்கும்படி நிறுத்து. இரண்டாவதையும் டாட் பாயின்ட் வரைக்கும் வெட்டு. இனிப் பக்கத்துண்டைக் கதவு திறப்பதுபோல வெளியே நகர்த்தலாம். உனக்கு வேண்டியது 2 அங்குலம். இது பாதி முன்துண்டு என்பதால் டாட் பாயின்ட்டில் 1 அங்குலம் திறந்தால் போதும். கீழே இருக்கும் இரண்டு ஓரங்களும் இணையாக நிற்கட்டும். நகர்த்தும்போதே பக்க டாட் தானாக அகலமாகும், பக்கத்துண்டின் அடியும் கீழே இறங்கும். நடுத்துண்டைக் குறுக்கே வெட்டி அதே அளவு இறக்கி அடியைச் சமமாக்கு. பின்னால் காகிதம் ஒட்டி இடைவெளியை நிரப்பு. அகலமும் நீளமும் மார்பில் மட்டும் கூடியிருக்கும். தோளும் கழுத்தும் அப்படியே இருக்கும். இடுப்பில் கூடிய 1 அங்குலத்தை ஒரு இடுப்பு டாட்டாகப் பிடித்துவிடலாம். டாட்டின் நுனி டாட் பாயின்ட்டிலேயே முடியக்கூடாது. 1 முதல் 1½ அங்குலம் தள்ளி முடிந்தால்தான் கூம்பாகத் துருத்தாது.

உயரத்தைக் குறைக்கப் பேட்டர்னிலேயே இணையாக இரண்டு கோடு போட்டுக் கொடுத்திருப்பார்கள். பின்கழுத்திலிருந்து இடுப்பு வரை எடுத்த அளவை வைத்து எவ்வளவு அதிகம் என்று பார்த்து, அந்த இடத்தில் மடித்து ஒட்டு. முன், பின் இரண்டிலும் ஒரே அளவு. இதைச் செய்யாமல் கீழ் ஓரத்தை மட்டும் குறைத்தால் இடுப்புத் தையல் உன் இடுப்புக்குக் கீழே நிற்கும். வரிசை தவறாதே: நீளம் முதலில், மார்பு அதற்குப் பின், இடுப்பும் சீட்டும் கடைசி. ஒரு தடவைக்கு ஒரு திருத்தம் மட்டும் செய்து, மறுபடி போட்டுப் பார். நான்கை ஒன்றாகச் செய்தால் எது உதவியது, எது கெடுத்தது என்று தெரியாமல் போகும்.

தோளுக்கு வருவோம். நாள் முழுக்க லேப்டாப்புக்கு முன் உட்காருகிறவர்களுக்குத் தோள் முன்னே வளைந்திருக்கும். காடாவைப் போட்டுக்கொண்டு பக்கவாட்டில் படம் எடுத்தால் தோள் தையல் பின்னால் போய்க் கிடப்பது தெரியும். தோள் நுனியில் முன்துண்டில் கால் அங்குலம் வெட்டி, அதைப் பின்துண்டில் சேர். கழுத்துப் பக்கம் ஒன்றும் மாற்றாதே. கழுத்தடியிலிருந்து அக்குளை நோக்கிச் சாய்வாகத் தொங்கல் விழுந்தால் தோள் சரிவு என்று பொருள். தோள் நுனியைக் கால் அங்குலம் இறக்கு, அக்குளின் அடியையும் அதே கால் அங்குலம் இறக்கு. தோள் நுனியை மட்டும் இறக்கினால் கை நுழையும் வட்டம் சுருங்கிப்போகும்.

அக்குள் விஷயத்தில்தான் எல்லோரும் நேரெதிராகச் செய்கிறார்கள். கையைத் தூக்கினால் கவுன் முழுதும் கூடவே ஏறுகிறது என்றால், உடனே அக்குளை இன்னும் ஆழமாக வெட்டத் தோன்றும். வெட்டினால் இன்னும் மோசமாகும். அக்குள் எவ்வளவு தாழ்கிறதோ அவ்வளவுக்குக் கை பக்கத் தையலைத் தன்னோடு இழுத்துக்கொண்டு போகும். அக்குளை ஒட்டி உயர்ந்து நின்றால் கை மட்டும் அசையும், கவுன் இடத்தில் நிற்கும். நன்றாகத் தைத்த ஜாக்கெட்டோடு உன் அம்மா மொட்டை மாடிக் கொடியில் துணி உலர்த்துவதைப் பார்த்திருப்பாய். இடுப்புப் பட்டி ஏறாது. அந்த அக்குள் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று தொட்டுப் பார். துணிக்கும் அக்குளுக்கும் நடுவே ஒரு விரல் நுழைந்தால் போதும். முன்பக்கம் உறுத்தினால் வளைவின் ஓரத்தில் மார்ஜினைச் சின்னச் சின்னதாக வெட்டிவிடு. ஒவ்வொரு வெட்டுக்கும் பின் போட்டுப் பார்.

முதுகில், இடுப்புக்குச் சற்று மேலே குறுக்காக ஒரு மடிப்பு தேங்கினால், அங்கே நீளம் அதிகம். மடிப்பைக் குண்டூசியால் பிடித்து அளந்து, காகிதத்தில் முதுகின் நடுவில் அந்த அளவு மடி. பக்கத் தையலுக்கு வரும்போது மடிப்பு பூஜ்யமாகட்டும். கடைசிச் சோதனை, ஸ்கூட்டி ஓட்டுவதுபோல இரண்டு கையையும் நீட்டிப் பிடித்து நாற்காலியில் உட்கார்வது. முதுகில் பட்டை இழுத்தால் அகலம் பார்க்க வேண்டும். நிற்கும்போது அழகாக இருந்துவிட்டு உட்கார்ந்ததும் கிழிகிற கவுன் வேண்டாம்.

காகிதம் திருந்திய பிறகு நல்ல துணி. பேட்டர்னில் நூலோட்டத்தைக் காட்டும் அம்புக்குறியின் இரண்டு முனையிலிருந்தும் கரை வரை டேப் வைத்து, இரண்டு அளவும் ஒன்றாக வரும்வரை காகிதத்தை நகர்த்து. கட்டத் துணி என்பதால் உனக்கு இது சுலபம். நூலோட்டம் கொஞ்சம் தப்பினாலும் பாவாடை நாலு சலவைக்குப் பின் ஒரு பக்கமாகத் திருகிக்கொள்ளும். முன்னும் பின்னும் பக்கத் தையலில் கட்டம் சேர வேண்டுமென்றால் அரை மீட்டராவது கூடுதலாக இருக்க வேண்டும். பக்க டாட்டுக்குக் கீழேதான் கட்டம் சேரும், மேலே சேராது. டாட் துணியை விழுங்கிவிடுகிறது, யார் தைத்தாலும் அப்படித்தான்.

இங்கே நம் ஊர் பழக்கம் ஒன்றைப் பேட்டர்னோடு கலந்துகொள். அவர்கள் 5/8 அங்குலம் விட்டிருந்தாலும், பக்கத் தையலில் மட்டும் நீ 1 அங்குலம் விட்டு வெட்டு. ஜாக்கெட்டில் டெய்லர் உள்ளே துணி விட்டு அடுத்தடுத்து இரண்டு மூன்று தையல் போட்டுக் கொடுப்பது எதற்கு? உடம்பு கூடினால் ஒன்றைப் பிரிக்கத்தான். கணக்கும் தெரிந்துகொள்: ஒரு பக்கத் தையலில் கால் அங்குலம் உள்ளே தள்ளினால் முன்னும் பின்னுமாக அரை அங்குலம் போகும், இரண்டு பக்கமும் சேர்ந்தால் 1 அங்குலம். அதனால்தான் "கொஞ்சமாகப் பிடிக்கிறேன்" என்று கை வைப்பவர்கள் ஒரு சைஸையே குறைத்துவிடுகிறார்கள்.

தைக்கும்போது சில ஒழுங்குகள். வெட்டியதும் கழுத்து வளைவில் ஓரத்தை ஒட்டி ஒரு தையல் ஓட்டிவிடு. வளைவில் நூல் சாய்வாக வெட்டுப்படுவதால் கையாளும்போதே விரிந்துவிடும், பிறகு கழுத்து படியாது. நடுத்தரப் பருத்திக்கு 14 நம்பர் ஊசி, மெல்லிய மல்லுக்கு 11. புது ஊசியாகப் போடு. தையல் நீளம் 2½ போதும். டாட் நுனியில் ரிவர்ஸ் அடிக்காமல் நூலை நீளமாக விட்டு முடிச்சுப் போடு. ஒவ்வொரு தையல் முடிந்ததும் இஸ்திரி போட்ட பின்னரே அதன்மேல் இன்னொரு தையல் குறுக்கிட வேண்டும். டாட்டைத் தட்டையான மேசையில் தேய்க்காதே. குளிக்கும் துண்டை இறுகச் சுருட்டி அதன்மேல் வைத்து, பக்க டாட்டைக் கீழ்நோக்கிப் படிய வை. கைத்தறி பிசிர் அதிகம் அடிக்கும், ஓரங்களை ஓவர்லாக் செய்துவிடு.

திருத்திய காகிதத்தைத் தூக்கிப்போடாதே. பிரவுன் ஷீட்டில் நகல் எடுத்து, தேதியும் அன்றைய உன் அளவுகளும் எழுதி, சுருட்டி வை. அதே மேலுடம்பை வைத்துக் கழுத்தை மாற்றலாம், கையை மாற்றலாம், பாவாடைக்குச் சுருக்கோ ஃப்ளேரோ வைக்கலாம். இரண்டாவது கவுனுக்கு இவ்வளவு நேரம் ஆகாது. வேறொரு பேட்டர்ன் வாங்கினாலும் அதன்மேல் இதை வைத்துப் பார்த்தால் எங்கே கூட்டிக் குறைக்க வேண்டும் என்று நிமிடத்தில் தெரியும்.

காடாவைத் தைத்துப் போட்டதும் முன், பின், பக்கம் என்று மூன்று படம் எடுத்து அனுப்பு. கண்ணாடியில் நீயே எடுக்காதே. கையைத் தூக்கினால் தோள் மாறிவிடும். யாரிடமாவது போனைக் கொடுத்து, கையைத் தொங்கவிட்டு, வயிற்றை எக்காமல் நில். உன் கோடுகள் எங்கே ஏறுகின்றன, எங்கே இறங்குகின்றன என்று பார்த்துவிட்டு மற்றதை எழுதுகிறேன்.

அன்புடன்,
அத்தை